அப்பா படம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. எதுல, எப்படி பிரிண்ட் போட்டா நிலைக்கும்?

ஈத்தாமொழி_தென்னை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்துக்கு வழி கேட்டு வந்திருக்கேன்.

அப்பா தவறி பத்தொன்பது வருஷம் ஆச்சு. அவங்க தனியா நிக்கிற கலர் படம் எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான். 1987ல வட்டக்கோட்டை மதில் மேல நிக்க வச்சு சித்தப்பா எடுத்தது, போஸ்ட்கார்டு சைஸ். கண்ணாடி பிரேம் போட்டு முன்னறையில மாட்டியிருந்தோம். போன மாசம் வெள்ளையடிக்கக் கழட்டிப் பாத்தா, படத்தோட இடது ஓரம் கண்ணாடியில ஒட்டிக் கிடக்கு. தோள்பட்டைப் பக்கம் புள்ளி புள்ளியா பூத்துப் போச்சு. நிறம் மொத்தமும் செவந்து, கடலும் வானமும் ஒரே ரோஸா இருக்கு.

கார்த்திகையில அம்மாவுக்கு எழுபது. அதுக்குள்ள இந்தப் படத்தை 12க்கு 18 இஞ்ச்ல நல்லா போட்டு அம்மா கையில குடுக்கணும்.

ஏற்கெனவே ஒரு தடவை செஞ்சு ஏமாந்தாச்சு. மொபைல்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி ஒரு கடையில பெரிசா போட்டு வாங்கினேன். அரைமணி நேரத்துல குடுத்துட்டாங்க. கண்ணாடி உடையும்னு பிளாஸ்டிக் முகப்பு வச்ச பிரேம்ல போட்டேன். ரெண்டு மழைக்காலம் தாங்கல. கழட்டும்போது அப்பா நெத்தியில இருந்த மை பிளாஸ்டிக்கோட உரிஞ்சு வந்துட்டு. அம்மா அதைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம அடுக்களைக்குப் போயிட்டாங்க. திரும்பவும் அப்படி ஒண்ணு நடந்துடக் கூடாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம்_மேம்பாலம்

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய காசு போட்டு பிரிண்ட் போடுறதுக்கு முன்னால ஒண்ணு யோசிங்க.

2021 நவம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி. கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டி முழுசா முங்கிட்டு. அண்ணன் கல்யாண ஆல்பம், ஆச்சி படம், நாங்க சின்னதுல எடுத்தது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல் மாதிரி ஆயிட்டு. பிரிச்சா முகம் அந்தப் பக்கம், சட்டை இந்தப் பக்கம். மிஞ்சினது எல்லாம் அதுக்கு முந்தின ஓணத்துக்கு மதினி மொபைல்ல எடுத்து வச்ச காப்பிகள்தான். பேப்பர்னா தண்ணிக்கும் கரையானுக்கும் தீனி. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. நல்லா ஸ்கேன் பண்ணி ரெண்டு மூணு எடத்துல ஏத்தி வையுங்க. அதுதான் நிக்கும்.

தக்கலை_துபாய்

ஏத்தி வைக்கிறது சரிதான் அண்ணே, ஆனா அது மட்டும் போதாது. எங்க மாமா திடீர்னு போனப்ப அவர் மொபைல் பூட்டு ஒருத்தருக்கும் தெரியாது. மெயில் பாஸ்வேர்டும் தெரியாது. அத்தையோட கடைசி ரெண்டு வருஷப் படம் மொத்தமும் அதுக்குள்ளதான். இன்னிக்கு வரைக்கும் அந்த மொபைல் அலமாரியில இருக்கு, திறக்க ஆளில்ல. சுவத்துல மாட்டின படத்துக்குப் பூட்டு கிடையாது.

வடசேரி_டார்க்ரூம்

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. அந்தப் படத்தைக் கண்ணாடியில இருந்து இழுக்காதீங்க. கத்தி விடாதீங்க, தண்ணி தெளிக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க. இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்.

நான் ஸ்டூடியோ வேலைக்குள்ள வந்தது டார்க்ரூம்ல தட்டு கழுவுற பையனா. ஊட்டியில ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செஞ்ச 'இந்து' பேப்பர்லதான் பிரிண்ட் போடப் படிச்சேன். எங்க முதலாளி ஒரே விஷயத்துக்குத்தான் திட்டுவார்: ஹைப்போ, அதாவது படத்தை நிலைக்க வைக்கிற மருந்து, தாளை விட்டுப் போற வரைக்கும் கழுவலன்னு. "இப்ப வெள்ளையாத்தாம்லே இருக்கும், பத்து வருஷம் கழிச்சு மஞ்சளாகும்போது உன்னையா தேடி வருவான், என்னையில்லா தேடி வருவான்" என்பார். ஒழுங்கா கழுவின கருப்பு வெள்ளைப் படம் அறுபது வருஷத்துக்குப் பிறகும் என் கைக்கு வருது, அப்படியே இருக்கு. அவசரத்துக்குக் கழுவினது மஞ்சளடிச்சு வருது. பேப்பர் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

உங்க படத்துக்கு என்ன ஆச்சுன்னா: அந்தக் காலத்து கலர் பிரிண்ட்ல மூணு சாயம் உண்டு, சயான், மெஜந்தா, மஞ்சள். அப்போ வந்த பல பேப்பர்ல சயான் சாயம்தான் முதல்ல போகும், இருட்டுல பெட்டிக்குள்ள வச்சாக்கூட. அது போனா மிஞ்சுறது செவப்பு. அதுதான் கடல் ரோஸாத் தெரியுது. கண்ணாடியில ஒட்டினதுக்குக் காரணம் ஈரம். படத்தோட மேல்பூச்சு ஜெலட்டின், மாட்டுத் தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. ஈரம் பட்டா இளகும், காஞ்சா கண்ணாடியைப் பிடிச்சுக்கும். பூசணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அதுதான் சாப்பாடு. காத்துல ஈரம் அறுபத்தஞ்சு சதவீதம் தாண்டினா பங்கஸ் வளர ஆரம்பிக்கும். ஈத்தாமொழியில அதுக்குக் கீழ இறங்குற நாளை விரல் விட்டு எண்ணிடலாம்.

அதனால கண்ணாடியோட சேத்தே காப்பி எடுக்கணும். கேமராவை நேர் மேல நிறுத்தி, ரெண்டு பக்கமும் சாய்வா லைட் வச்சு, பளபளப்பு விழாம எடுப்போம். ஒட்டாத படமா இருந்தா ஸ்கேனர்ல 600ல, அதாவது ஒரு இஞ்சுக்கு 600 புள்ளின்னு, வைக்கச் சொல்லுவேன். போஸ்ட்கார்டு சைஸ், அதாவது மூணரைக்கு அஞ்சு இஞ்ச் படம், 600ல ஸ்கேன் பண்ணினா 2100க்கு 3000 பிக்சல் வரும். 12க்கு 18 பிரிண்ட் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தாலும் கூர்மையா இருக்கணும்னா 3600க்கு 5400 வேணும். உங்க படம் அந்த அளவு வராது. 8க்கு 12ன்னா அருமையா வரும். 12க்கு 18 வேணும்னா சுவத்துல மாட்டி நாலடி தள்ளி நின்னு பாக்க நல்லாத்தான் இருக்கும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா பிக்சல் நல்லா சுருங்கிடும். டாக்குமென்டா அனுப்பினா சுருங்காது.

இதுக்கெல்லாம் மேல ஒரு கேள்வி: நெகட்டிவ் இருக்கா? சித்தப்பா வீட்டுப் பரண்ல தேடச் சொல்லுங்க. 35 எம்எம் நெகட்டிவ் ஒண்ணு நல்லா ஸ்கேன் பண்ணினா 12க்கு 18 தாராளமா போடலாம். பிரிண்ட்ல போன நிறம் நெகட்டிவ்ல இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. டப்பாவைத் திறந்ததும் காடி வாசம் அடிச்சா பிலிம் கெட ஆரம்பிச்சிட்டுன்னு அர்த்தம், உடனே கொண்டு வரணும்.

கடையில ஏமாந்த கதைக்கு வாறேன். அரைமணி நேரத்துல 12க்கு 18 வந்துதுன்னா அனேகமா அது லேசர் மிஷின்ல ஷீட்டுல எடுத்தது. அந்த மை தாளுக்குள்ள இறங்காது, மேல உருகி உக்காந்திருக்கும். சில பிளாஸ்டிக்ல உள்ள எண்ணெய்த்தன்மை அந்த மையை இளக்கிப் பிடிச்சுக்கும். நோட்டீசுக்கும் சர்டிபிகேட்டுக்கும் அந்த மிஷின் நல்ல மிஷின். அப்பா படத்துக்கு அது இல்ல.

போட்டோ லேப்ல போடுற பேப்பர் வேற. அதுல வெள்ளி உப்பு பூசியிருக்கும். வெளிச்சத்தால படத்தை எழுதி, மருந்துல கழுவி எடுப்பாங்க. நிறம் ஜெலட்டினுக்கு உள்ளேயே உருவாகும். லென்ஸ் வச்சுப் பாத்தா புள்ளி தெரியாது. பின்பக்கம் திருப்பினா பேப்பர் கம்பெனி பேரு சாம்பல் நிறத்துல சாய்வா அச்சடிச்சிருக்கும். கடைக்காரர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: "அண்ணே, இது லேப் பேப்பரா, ஷீட்டா?" இதைக் கேட்டாலே உங்களை வேற மாதிரி கவனிப்பாங்க.

கரிஷ்மா ஆல்பம், அதாவது பக்கத்துலயே படத்தை அச்சடிச்சுக் கட்டுற ஆல்பம், போடுறவங்களும் இதைக் கேக்கணும். என்டிஆர்னு சொல்ற கிழியாத பிளாஸ்டிக் ஷீட்ல போட்டதா, லேப் பேப்பரான்னு. கிழியாதுன்னு சொல்லித்தான் என்டிஆர் குடுப்பாங்க. கிழியாதுதான். மை உரியுமா உரியாதாங்கறது வேற கேள்வி.

கோட்டாறு_கம்போளம்

அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணு சேக்கணும். ஒட்டுற ஆல்பம் யார் வீட்ல இருந்தாலும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க. பசை தடவின அட்டை, மேல கண்ணாடித்தாள், அந்த ஆல்பம். பசை மஞ்சளாகி படத்தைத் தின்னுகிட்டு இருக்கும். வரலன்னா இழுக்காதீங்க. முதல்ல அப்படியே போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, பல் இடுக்குல விடுற நூல் இருக்கே, மெழுகு இல்லாதது, அதைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவுல பைய வாள் மாதிரி இழுத்தா விட்டுடும். எங்க வீட்ல நாப்பது படம் அப்படித்தான் எடுத்தேன். மூணு போச்சு.

திற்பரப்பு_சாரல்

லேப்புக்கு நாகர்கோவில் வரைக்கும் போகணுமா? எங்க வீட்ல இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கு, போட்டோ பேப்பர் வாங்கிப் போட்டா பாக்க லேப் பிரிண்ட் மாதிரியே இருக்கு. இன்னொண்ணு, இப்ப ஏஐ ஆப் இருக்கே, பழைய படத்தைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல பளிச்னு ஆக்கித் தருது. பிக்சல் குறைவுன்னு கவலையே படவேண்டாம். ஈத்தாமொழி அக்கா, படத்தை அனுப்பினா நானே செஞ்சு தாறேன்.

வடசேரி_டார்க்ரூம்

தம்பி, உங்க மனசு நல்ல மனசு. பிரிண்டர் விஷயம் மட்டும் சொல்லுகேன். வீட்டு பிரிண்டர்ல பெரும்பாலும் கலர் மை டை இங்க், தண்ணியில கரைஞ்ச சாயம். எடுத்த அன்னிக்கு அழகு. வெளிச்சத்துலயும் காத்துலயும் சீக்கிரம் வெளிறும். ஒரு சொட்டுத் தண்ணி பட்டா கரையும். பிக்மென்ட் இங்க், கரையாத நிறப்பொடி கலந்தது, அது வேற ஜாதி. நல்ல காட்டன் பேப்பர்ல பிக்மென்ட் மையில போட்ட பிரிண்ட் லேப் பேப்பரை விடவும் நிலைக்கும். ஓவியக் கண்காட்சிக்குப் போடுறவங்க அதைத்தான் போடுறாங்க. அதுக்கு மிஷினும் பெரிசு, செலவும் பெரிசு. பிள்ளைங்க பிறந்தநாள் படம் பிரிஜ்ஜுல ஒட்ட உங்க பிரிண்டர் போதும், நல்லா போடுங்க.

ஏஐ பத்தி நான் சொல்றதை விட அனுபவப்பட்டவங்க சொல்லட்டும்.

குளச்சல்_கரை

நான் சொல்லுகேன்.

2004 டிசம்பர் 26 எங்க வீட்டுச் சுவர்கூட மிஞ்சல. உசுரு மிஞ்சினதே ஆண்டவர் புண்ணியம்னு இருந்ததால முதல் வருஷம் படம் போச்சேன்னு யாரும் நினைக்கல. அம்மை மட்டும் ஒருநாள் கேட்டாவ, "என் அம்மைக்க முகம் எனக்கு மறந்துருமோ"ன்னு. அப்பதான் எங்களுக்கு உறைச்சுது. பிறவு கேரளத்துல அஞ்சுதெங்குல இருக்கிற பெரியம்மை வீட்ல, எங்களுக்குக் குடுத்த அதே படத்துக்க இன்னொரு பிரிண்ட் கிடைச்சுது. எந்த ஸ்டூடியோவுல எடுத்ததோ, கருப்பு வெள்ளை, ஓரம் நெளிநெளியா வெட்டினது. ஒரே படத்தை ரெண்டு வீட்ல வச்சிருந்ததாலதான் எங்க பாட்டி எங்களுக்குத் திரும்பக் கிடைச்சாவ. மார்த்தாண்டம் அண்ணன் காப்பி வேணும்னு சொல்றது நூத்துக்கு நூறு சரி. அந்தக் காப்பி பேப்பர்லயும் இருக்கணும், வேற ஊர்லயும் இருக்கணும்.

அடுத்தது ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. சின்னத்துறையில கல்யாணம் முடிச்ச எங்க மாமா ஆழ்கடலுக்குப் போனவர், வரல. உடலும் வரல. மாமி கையில இருந்தது அவருக்க அடையாள அட்டை மட்டும். அதுல உள்ள கட்டைவிரல் அளவு படத்தைக் குடுத்து ஒரு எடத்துல பெரிசாக்கச் சொன்னோம். அவங்க நல்லது செய்யணும்னுதான் செஞ்சாங்க, நான் குறை சொல்லல. தெளிவா வரலன்னு முகத்தை இழைச்சு, மீசையை ஒழுங்காக்கி, கோட்டு சூட்டு மாட்டி, பின்னால நீல வானம் வச்சுக் குடுத்தாங்க. மாமா சென்மத்துல கோட்டு போட்டதில்ல. அவருக்கு இடது புருவத்துல தூண்டில் கிழிச்ச தழும்பு ஒண்ணு உண்டு. அது இல்ல. இளைய மவன் அப்ப நாலு வயசு. படத்தைப் பாத்துட்டு "இது யாரு"ன்னு கேட்டான்.

மாமி அதைத் திருப்பி சுவத்தைப் பாக்க வச்சிட்டா. ஒரு வருஷம் அப்படியே இருந்துது. பிறவு ஒரு அண்ணன் அதே அடையாள அட்டைப் படத்தை ஒண்ணும் மாத்தாம, அஞ்சுக்கு ஏழுல மட்டும் போட்டுத் தந்தார். கொஞ்சம் மங்கல்தான். ஆனா தழும்பு இருந்துது. அதுதான் இப்ப வீட்ல இருக்கு, அதுக்கு முன்னாலதான் மெழுகுதிரி கொளுத்துகோம்.

அதனால திற்பரப்பு தம்பி, அந்த ஆப் முகத்தைத் தெளிவாக்கல, இல்லாத முகத்தை வரைஞ்சு வைக்குது. படத்துல இல்லாத விவரம் அதுக்கு எங்கேருந்து கிடைக்கும்? ஆயிரம் பேரு முகத்துல இருந்து எடுத்து ஒட்டும். நமக்கு வேண்டியது அந்த ஒருத்தருக்க முகம்.

கல்லறைக்குப் படம் வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வரும்போதுதான் எல்லாரும் அவசரப்படுவோம். ஓடுல சும்மா ஒத்தி எடுத்த படம் வெயில்ல வெளுத்துப் போவும். சூளையில வச்சுச் சுட்ட செராமிக் படம் கேளுங்க. அது கடல்காத்துக்கும் வெயிலுக்கும் நிக்கும். எங்க கல்லறைத் தோட்டத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாக்கலாம்.

திற்பரப்பு_சாரல்

மன்னிச்சிருங்க அக்கா. எனக்கு இது தெரியாது. எங்க பாட்டா படத்தையும் அந்த ஆப்லதான் போட்டு வச்சிருந்தேன். உங்க பதிவு படிச்சுட்டு பழைய படத்தோட பக்கத்துல வச்சுப் பாத்தேன். காது மடல் வேற. பாட்டாவுக்குக் காதுல கடுக்கன் போட்ட ஓட்டை பெரிசா இருக்கும், அதை அடைச்சிட்டு. அழிச்சிட்டேன்.

மார்த்தாண்டம்_மேம்பாலம்

குளச்சல் அக்கா எழுதினதைப் படிச்சு வெகுநேரம் சும்மா இருந்தேன். வேற வேற வீட்ல பிரிண்ட் வைக்கிறது எனக்குத் தோணவே இல்ல. நான் பேப்பரே வேண்டாம்னு சொன்னது அந்த டிரங்குப் பெட்டியை நினைச்சு.

ஆனா என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. என் மொபைல்ல பன்னிரண்டாயிரம் படம். அதை எல்லாம் லேப்ல போட முடியுமா? காசுக்கு எங்க போக?

அண்ணாச்சி, எங்க வீட்ல அந்த செங்கல் கட்டி இன்னும் இருக்கு. ஏதாவது செய்ய முடியுமா?

வடசேரி_டார்க்ரூம்

பன்னிரண்டாயிரத்துல பன்னிரண்டு எடுங்க தம்பி. வருஷத்துக்குப் பன்னிரண்டு, மேக்ஸி சைஸ், அதாவது நாலுக்கு ஆறு இஞ்ச், லேப் பேப்பர்ல. குடும்பமா ஒருநேரம் ஓட்டல்ல சாப்பிடுற காசு ஆகாது. எடுத்து முடிச்சதும் ஆளுக்கு ஒரு செட், உங்களுக்கு ஒண்ணு, அக்கா வீட்டுக்கு ஒண்ணு.

நனைஞ்ச படத்துக்கு முதல் ரெண்டு நாள்தான் கணக்கு. அப்பவே சுத்தமான பச்சத் தண்ணியில முக்கி, தண்ணிக்குள்ள வச்சே பிரிச்சு, முகம் மேல பாக்க வலையிலயோ துணியிலயோ நிழல்ல உலத்தினா முக்கால்வாசி தப்பிக்கும். ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கக் கூடாது, துடைக்கக் கூடாது. 2011ல ஜப்பான்ல சுனாமி வந்தப்ப ஃபியூஜி கம்பெனி இதுக்குன்னே ஆளு வச்சு, சகதியில கிடந்த படங்களைக் கழுவி ஊர் ஊரா குடுத்தாங்க. வீட்டு பிரிண்டர்ல எடுத்ததை மட்டும் தண்ணியில போடாதீங்க.

உங்க கட்டி காஞ்சு வருஷக்கணக்கு ஆச்சு. முழுசா மீளும்னு வாக்கு குடுக்க மாட்டேன். நடுவுல உள்ளது சில நேரம் பிழைச்சுக் கிடக்கும். தூக்கிப் போடாம கொண்டு வாங்க.

தக்கலை_துபாய்

லேமினேஷன் பண்ணலாமா? ஊர்ல எல்லாரும் படத்தை பலகையில ஒட்டி லேமினேட் பண்ணித்தான் தாறாங்க.

வடசேரி_டார்க்ரூம்

மூலப் படத்துக்குக் கூடவே கூடாது. சூடு பண்ணி ஒட்டினா பிறகு எடுக்க வழி கிடையாது. நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வந்தாலும் பிளாஸ்டிக்குக்கு மேலதான் ஸ்கேன் பண்ணணும். காப்பிக்கு உங்க இஷ்டம்.

ஈத்தாமொழி_தென்னை

எல்லாருக்கும் பதில் சொல்ல ரெண்டு மாசம் ஆயிட்டு, மன்னிக்கணும்.

நெகட்டிவ் கிடைக்கல. சித்தப்பா வீடு இடிச்சுக் கட்டினப்பவே பரண் சாமான் எல்லாம் போயிட்டாம். அதனால அண்ணாச்சி சொன்ன மாதிரி கண்ணாடியோட சேத்தே காப்பி எடுத்தோம். நிறம் திருத்தும்போது ஒரு சிக்கல். சட்டை என்ன நிறம்னு எனக்குத் தெரியல. கம்ப்யூட்டர்ல செவப்பைக் குறைச்சா வெளிர்நீலமா வந்துது. நல்லாத்தான் இருந்துது, அப்படியே போட்டிருந்தா எனக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது.

அம்மாவுக்குத் தெரியாம செய்யணும்னுதான் நினைச்சேன். குளச்சல் அக்கா எழுதின தழும்பு விஷயம் மனசுல கிடந்துது. அம்மாகிட்டயே கேட்டுட்டேன். அம்மா எழுந்து போய், பீரோவுக்கு அடியில இருந்து ஒரு தலையணை உறை எடுத்துட்டு வந்தாங்க. அப்பா சட்டையை வெட்டித் தச்சதாம். பிஸ்தா பச்சை, பொடிக்கட்டம். இத்தனை வருஷம் அந்த உறையில நான் தலை வச்சுப் படுத்திருக்கேன்.

உறையையே லேப்புக்குக் கொண்டு போனேன். அங்க இருந்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் போட்டு, டெஸ்ட் துண்டு மூணு தடவை எடுத்து, துணியோட பக்கத்துல வச்சு வச்சுப் பாத்தார். சட்டை சரியானதும் மத்ததும் தன்னால சரியாச்சு. மதில் சாம்பலாச்சு, கடல் கடலாச்சு. பூசணம் பட்ட தோள்பட்டையை மட்டும் திருத்தினோம். முகத்துல கை வைக்கல. 12க்கு 18 ஆசையை விட்டுட்டு 8க்கு 12தான் போட்டோம், மேட் பேப்பர், ரெண்டு பிரிண்ட். பெரிசு இல்லையேன்னு எனக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்துது. கையில வாங்கினதும் போயிட்டு. அப்பா கண்ணுல வெயில் கூசுறது தெரியுது. செவந்து போன படத்துல அது தெரிஞ்சதே இல்ல.

ஒரு பிரிண்ட் திருச்சியில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு. பின்பக்கம் ஓரத்துல அழுத்தாம பென்சில்ல எழுதினேன்: வட்டக்கோட்டை, 1987, சித்தப்பா எடுத்தது, சட்டை பிஸ்தா பச்சை.

அம்மா பிறந்தநாள் வரைக்கும் காத்திருக்கல. அன்னிக்கு ராத்திரியே மாட்டணும்னுட்டாங்க.

வடசேரி_டார்க்ரூம்

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. எந்தச் சுவத்துல மாட்டினீங்க? மேக்குச் சுவர் வேண்டாம், சாரல் அடிச்சு ஊறும். கண்ணாடி படத்தைத் தொடாம நடுவுல மவுன்ட் அட்டை வச்சாங்களா? பிரேமுக்குப் பின்னால காத்து போக நாலு மூலையிலயும் தக்கை வைக்கணும்.

ஈத்தாமொழி_தென்னை

சாமி அறைக்கும் அடுக்களைக்கும் நடுவுல உள்ள உள்சுவர் அண்ணாச்சி. மவுன்ட் வச்சாச்சு. தக்கை இல்லாம நேத்துதான் மாட்டினேன், இன்னிக்குக் காலையில கழட்டி வச்சிட்டு மறுபடி மாட்டியாச்சு. நாலு மூலையிலயும்.